முதுகில் ஒரு அதம்தம்

1

இந்தக் கதை ஒரு பயத்தில் பிறந்தது. அதை மறைக்கத்தான் முதலில் மொழிக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன்.

எபிரேயத்தில் வேரின் கடைசி மெய்களை இரட்டித்தால் பல சொற்கள் இளைத்துவிடும். கெலெவ் என்றால் நாய், க்லவ்லவ் நாய்க்குட்டி. அதோம் சிவப்பு, அதம்தம் லேசான சிவப்பு. எங்கள் ஹைஃபா சந்தையில் காய்த் தக்காளியைக்கூட அதம்தம் என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவார்கள்.

2

பிறகு அமித்தாய் என்றொருவனை உருவாக்கினேன். ஐம்பத்திரண்டு வயது, என் வயதுதான். முதுகில் ஒரு புள்ளி. அவன் மனைவி அதைப் பார்த்து அதம்தம் என்கிறாள். டாக்டரிடம் போகாமலிருக்க அவனுக்கு அந்தச் சொல் போதும். அமித்தாய் அஞ்சவில்லை, ஏனென்றால்

(இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன். ஏன் அஞ்சவில்லை என்று எனக்கே தெரியவில்லை.)

[பக்கக் குறிப்பு: யூத வேதமான தோராவின் தோல்நோய்ப் பகுதியிலும் இந்தச் சொல் உண்டு. அங்கே பழைய உரைகாரர்கள் சொல்லும் பொருள், சிவப்பிலேயே கடும் சிவப்பு. அமித்தாயிடம் சொல்லிவிடாதீர்கள்.]

3

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் மனைவி திர்சா மூன்று வரைவுகளையும் படித்தாள். முதலில் கொண்டைக்கடலையாக இருந்த புள்ளி மூன்றாவதில் கடுகாகிவிட்டதே என்றாள். அது அமித்தாயின் முதுகு என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"சட்டையத் தூக்கு."

தூக்கினேன்.

"போன ஞாயித்துக்கிழம மத்தியானம் நீ தூங்குறப்ப இதச் சுத்தி மார்க்கரால கோடு போட்டேன். அழியறதுக்குள்ள தினமும் அதுமேலயே இழுத்தேன். அந்தக் காலத்துல கோயில் பூசாரி, அதான் கோஹென், ஏழு நாள் விட்டுப் பாப்பாராமே, பரவிருக்கான்னு. நானும் விட்டேன்."

இந்த வட்டம் என் எந்த வரைவிலும் இல்லை. பரவியிருக்கிறதா என்று கேட்டேன்.

"கோட்டத் தாண்டிருச்சு."

4

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். முதலாவதில், ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். இரண்டாவதில் அமித்தாய்... வேண்டாம். மூன்றாவது, முடிக்காமலே விடுவது. கோஹென் வாயைத் திறந்து தீட்டு என்று சொல்லும்வரை கறை கறையில்லை என்பது பழைய சட்டம். அந்த நப்பாசையில்தான் இவ்வளவு நேரம் இழுத்தடித்தேன். அதே சட்டம், கோஹெனே ஆனாலும் தன் கறைக்குத் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறது.

திர்சா கிளினிக்கை அழைத்து ஃபோனை என் தாள்களின்மேல் வைத்துவிட்டாள். மணி போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. எடுக்கும் பெண் என்ன நிறம் என்று கேட்பாள். நான் சொல்ல வேண்டியது

[ ]

நீங்களே எழுதிவிடுங்கள். இரட்டிக்காமல் எழுதுங்கள்.