துப்பக் கூடாது

"அத்தை, கோபமா இருக்கிறவங்களுக்குப் பல்லு வலிக்குமா, இல்ல பல்லு வலிக்கிறவங்களுக்குக் கோபம் வருமா?"

அண்ணன் மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். அத்தை அப்போது ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தட்டைத் தொட்டியில் நங்கென்று போட்டுக்கொண்டிருந்தாள். "போய்ப் படி" என்று மட்டும்தான் பதில் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. அவளுக்குப் பல்வலி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கோபம் வந்து பல மாதங்கள்.

சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டும் மேசை அவளுடையது. அங்கே எல்லோரும் அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி வேலைக்காக, பாதி நாக்குக்காக. அதே பட்டறையில் காலர் தைக்கும் மெஷினில் அவளுடைய அண்ணி. ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஒரே பஸ்ஸில் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் திரும்புவார்கள். கத்தரியைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், வாசலில் வைத்து அண்ணியிடம் தனியாக விசாரித்தார்கள். "கொஞ்சம் வாய் நீளம்" என்று அண்ணி சொல்லிவிட்டாள். போனவர்கள் போனவர்கள்தான்.

அன்றிலிருந்து பேச்செல்லாம் குழந்தை வழியாகத்தான்.

"உங்கம்மாகிட்ட சொல்லு, குழாயை மூடத் தெரியாதவங்க திறக்கக் கூடாதுன்னு."

"உங்கத்தைகிட்ட சொல்லு, அது வாஷர் போனது, நான் போக்கினது இல்லைன்னு."

நடுவில் நிற்கும் குழந்தை இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விடுவாள்.

அண்ணன் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு வெகுதூரம் போயிருந்தான். அவன் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விடுவது என்று கத்தரி முடிவு செய்திருந்தாள். சொல்ல வேண்டியவற்றை மனதுக்குள் வெட்டி, அடுக்கி, கட்டுக்கட்டாக வைத்திருந்தாள். அதற்குள் பல் முந்திக்கொண்டது.

பல் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "கடைசிக் கடைவாய்ப் பல்லு. நிமிர்ந்து வரவேண்டியது, ஈறுக்குள்ளயே படுத்துக்கிட்டு முன்னாடி பல்லை முட்டுது. ஈறைக் கீறி, கொஞ்சம் எலும்பைச் செதுக்கி, பல்லை ரெண்டா உடைச்சுத்தான் எடுக்கணும். வலி தெரியாது. அழுத்தம் தெரியும், சத்தம் கேக்கும். கூட ஒருத்தர் வரணும், தனியா அனுப்ப மாட்டேன்."

கூட வர அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அண்ணி பட்டறையில் லீவு சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"நான் யாரையும் கூப்பிடலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"கூப்பிட்டா வர்றதுக்கு நான் விருந்தாளியான்னு கேளு."

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் பாதி உதடு அவளுடையதாக இல்லை. கெட்டித் துணியை யாரோ மடித்து முகத்தில் ஒட்டுப் போட்ட மாதிரி இருந்தது. டாக்டர் சொன்னபடியே வலி இல்லை. ஆனால் தாடைக்குள் விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. அதை அவள் காதால் கேட்கவில்லை, மண்டையால் கேட்டாள். கடவுளை நினைக்கப் பார்த்தாள். மனதில் அண்ணியைத் திட்டும் வாக்கியங்கள்தான் வரிசையாக வந்து நின்றன. பிரார்த்தனைக்கு உட்காரும்போது கோபம் முன்வரிசையில் இடம் பிடித்துக்கொள்வது நம் எல்லோருக்கும் நடப்பதுதான். கடவுள் அதற்காக எழுந்து போய்விடுவதில்லை.

தையல் போட்டு, பஞ்சுத் துணியை வைத்துக் கடிக்கச் சொன்ன டாக்டர், அவளிடம் சொல்லிப் பயனில்லை என்பதுபோல அண்ணியிடம் சொன்னார். "இன்னைக்குப் பேச வேண்டாம். கன்னத்துல ஐஸ் வச்சு வச்சு எடுங்க. ஆறினதா, மெல்ல வேண்டாததா குடுங்க. வீக்கம் உடனே குறையாது. முதல்ல ஏறிட்டு அப்புறம்தான் இறங்கும். பல் இருந்த குழியில ரத்தம் உறையும் பாருங்க, அதுதான் அதுக்கு மூடி. துப்பக் கூடாது, ஸ்ட்ரா வச்சு உறிஞ்சக் கூடாது. மூடி போயிட்டா எலும்பு தெரியும். அந்த வலி வேற மாதிரி."

வீட்டில் கத்தரி வாய் நிறையப் பஞ்சோடும் மனம் நிறைய ஆத்திரத்தோடும் படுத்துக் கிடந்தாள். அண்ணி ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். தலையணை உறையில் எச்சிலோடு வழிந்திருந்த ரத்தத்தைக் குழந்தை பார்ப்பதற்குள் அலசிக் காயப்போட்டாள். ஒவ்வொன்றும் கத்தரிக்கு எரிச்சலாக இருந்தது. திட்ட நினைத்த ஆளிடம் கன்னத்தைக் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பதைவிட அவமானம் உண்டா?

மறுநாள் காலையில் பட்டறை சூப்பர்வைசர் போன் செய்தார். அண்ணி எடுத்தாள்.

"வாயே திறக்க முடியலை சார்... ஆமா சார், அதிசயம்தான்." அண்ணி லேசாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு போதும். கத்தரி எழுந்துபோய்த் தொட்டி முன்னால் நின்று ஓங்கித் துப்பினாள்.

"ஐயோ, துப்பக் கூடாதுன்னாங்கள்ல." குழந்தையை நடுவில் வைக்காமல் அண்ணி நேராகவே சொன்னாள்.

கத்தரி அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே இன்னொரு முறை துப்பினாள்.

அந்தத் துப்பலுக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மற்றவர்களுக்குக் குறையத் தொடங்கும் சமயத்தில் அவளுக்கு வலி காதுவரை ஏறியது. மாத்திரை அதைத் தொடவே இல்லை. அண்ணி இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பகலில் பட்டறைக்குப் போனாள். தாங்க முடியாமல் போனபோது மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் குழியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "மூடி போயிடுச்சு. துப்பினீங்களா?"

கத்தரியின் வாய் திறந்துதான் இருந்தது. வாயில் பஞ்சும் இல்லை. ஆனாலும் கண்தான் அண்ணி பக்கம் திரும்பியது.

"நான்தான் டாக்டர்," என்றாள் அண்ணி. "சீக்கிரம் ஆறட்டும்னு உப்புத்தண்ணி குடுத்து வேகமாக் கொப்பளிச்சுத் துப்பச் சொன்னேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. உங்களை நம்பித்தானே அனுப்பினேன்? காதுல என்ன வச்சிருந்தீங்க?"

நர்ஸுக்கு முன்னால், வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி, டாக்டர் அண்ணியை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அண்ணி தலையைக் குனிந்து நின்றாள். டாக்டர் குழியைக் கழுவி, கிராம்பு வாசனை அடிக்கும் மருந்துத் துணியை உள்ளே வைத்தார். வலி அடங்க அடங்க, கத்தரிக்கு வேறொன்று வலிக்கத் தொடங்கியது. அதுவும் ஒரு கோபம்தான். ஆனால் யார் மேல் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "அன்னைக்கு அவங்க கேட்டப்ப வாய் நீளம்னு சொன்னேன். ஆனா வேலையில கை சுத்தம்னும் சொன்னேன். ரெண்டாவது யாருக்கும் காதுல ஏறலை. முதலாவதை நான் சொல்லியிருக்கக் கூடாது."

கத்தரி டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். ஒரு வாக்கியத்தில் கரைந்துபோகிற கோபமா அது?

அண்ணன் வந்தான். தங்கையின் வீங்கிய முகத்தைப் பார்த்து, "போன்ல என்னவோ பேசணும்னியே, என்னம்மா?" என்றான். அடுக்கி வைத்த கட்டுகள் எல்லாம் உள்ளேயே இருந்தன. அவள் ஒன்றையும் அவிழ்க்கவில்லை.

"பல்லு வலிண்ணே. அப்புறம் பேசலாம்."

பட்டறைக்குத் திரும்பிய அன்று, மத்தியானம் எல்லோரும் சாப்பிடக் கிளம்பினார்கள். மெல்ல முடியாதவளுக்குச் சாப்பாட்டு மணி எதற்கு? கத்தரி ஆறிய சூப்பைக் குடித்துவிட்டு, வெட்டிய துணியை வைக்கப் போனாள். அண்ணியின் மெஷின் அருகே, சூப்பர்வைசர் பார்வைக்குப் போகவேண்டிய காலர் கட்டு இருந்தது. மேலே இருந்த காலரில் சாக்பீஸ் கோடு பளிச்சென்று தெரிந்தது.

அது அவள் போடும் கோடு. துணியின் உள்பக்கத்தில்தான் போடுவாள். தைத்து முடித்தால் கண்ணில் படவே கூடாது.

கட்டைப் பிரித்துப் பார்த்தாள். ஏழெட்டுக் காலர்கள் உள்பக்கம் வெளியே தெரியும்படி தைக்கப்பட்டிருந்தன. தூங்காத கண் செய்த வேலை. எந்த இரவுகளில் தூங்காத கண் என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு தப்பு வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சூப்பர்வைசர் ஏற்கனவே அண்ணியை எச்சரித்திருந்தார் என்பதும் தெரியும்.

"கண்ணை எங்க வச்சுத் தைச்சாங்களோ," என்று வீங்கிய வாயால் முணுமுணுத்தாள். அண்ணியின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிரிக்கும் கொக்கியை எடுத்துத் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். துணியைத் திருப்பினாள், தைத்தாள், காலர் முனையைக் குத்திக் கூராக்கினாள், நூல் பிசிறை நறுக்கினாள். கடைசிக் காலர்வரை திட்டிக்கொண்டேதான் தைத்தாள். ஆனால் ஒரு தையல்கூடக் கோணவில்லை.

கட்டைப் பழைய முடிச்சாகவே போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். படிக்கட்டில் எல்லோரும் திரும்பி வரும் பேச்சுச் சத்தம் கேட்டது. அவள் பின்பக்கத் தொட்டிக்குப் போய், பாட்டிலில் இருந்த உப்புத்தண்ணீரை வாயில் வைத்துத் தலையை மெல்ல இரண்டு பக்கமும் சாய்த்தாள்.

பிறகு துப்பாமல், குனிந்து வாயைத் திறந்து, தண்ணீர் தானாக வழிந்து போகும்வரை பொறுத்து நின்றாள்.