முப்பத்திரண்டு போல்ட்

“நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை. உங்களுக்கு எது பிடிக்குதோ அதையே போட்டுடுவோம்” என்றார் மாமனார்.

மாப்பிள்ளை மேசைமீது கிடந்த இரண்டு வளையங்களையும் பார்த்தான். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போலத்தான் இருந்தன. இரண்டுமே கறுப்பு; இரண்டின் விளிம்பிலும் வரிசையாகப் போல்ட்டுத் தலைகள். ஆனால் அவனுடைய மனம் வளையத்தில் இல்லை. மாலையில் அலுவலகம் மூடுவதற்குள் மேலாளருக்கு அவன் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். வேறோர் ஊரில் உள்ள கிளைக்கு அவனை அனுப்ப நிறுவனம் ஆயத்தமாக இருந்தது. குடியிருக்க வீடும் தருவதாகச் சொல்லியிருந்தது. மனைவிக்குச் சம்மதம். அவனுக்கோ சம்மதம் என்ற சொல் போதாது. மாமனார் வீட்டு மாடியறையிலிருந்து இறங்கிப்போய், தனக்கென்று ஒரு கதவு, அந்தக் கதவுக்கென்று ஒரு சாவி என்று வாழ்வதற்கு அவன் ஏங்கிப் போயிருந்தான். மாமனாரிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

“நீங்கதான் சொல்லணும்” என்று காலையிலேயே மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். “நான் சொன்னா, ‘மாப்பிள்ளைக்கு இங்க என்னம்மா குறை’ன்னு கேட்டுக் கேட்டே என்னைக் கவுத்துடுவாரு. உங்ககிட்ட அப்படிக் கேக்க மாட்டாரு.”

கேட்கமாட்டார் என்பது உண்மைதான். மாமனார் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் பிறர் வாய்க்குள் கைவிட்டுப் பழகியவரே தவிர, எவர் வாயிலிருந்தும் ஒரு மறுப்பை வாங்கிப் பழகியவர் அல்லர். அவர் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. “உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா” என்றுதான் எதையும் தொடங்குவார். அப்படித் தொடங்கும் ஒருவரிடம் முடியாது என்று சொல்வதற்குத் தனியாக ஒரு தைரியம் வேண்டும். அது மாப்பிள்ளைக்கு வாய்க்கவில்லை. வீட்டில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூட, கேட்டவருக்குச் சிரமமாகுமே என்று தாகத்தை மென்று விழுங்குகிற சுபாவம் அவனுடையது.

கிளினிக்கை மூடியதும் மாமனார் செய்த முதல் காரியம், காடு மேடெல்லாம் ஏறக்கூடிய பெரிய சக்கரங்கள் கொண்ட வண்டி ஒன்றை வாங்கியது. அன்று முதல் விடுமுறை நாள் தவறாமல் குடும்பமே ஊருக்கு வெளியே உள்ள மணல்மேடுகளுக்குப் போனது. மாப்பிள்ளை ஓட்டுவான். பக்கத்தில் மாமனார். பின்னிருக்கையில் மனைவியும், வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு அத்தையும்.

மணலில் ஏறுவதற்கு முன்பு டயரில் பாதிக் காற்றுக்குமேல் இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் டயர் பரந்து, புதையாமல் போகும். ஆனால் காற்று குறையும்போது ரிம்மைப் பற்றியிருக்கும் டயரின் பிடியும் தளர்ந்துவிடும். போன வாரம் ஒரு சரிவின் நடுவில் முன்சக்கரத்து டயர் ரிம்மிலிருந்து கழன்று, செருப்பைப் போலத் தனியே வந்துவிட்டது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. உதவிக்கு ஆள் வரும்வரை நால்வரும் வெயிலில் காய்ந்தார்கள். அன்றே மாமனார் முடிவு செய்துவிட்டார்: சக்கரங்களுக்கு லாக் ரிங் போட வேண்டும்.

அதற்காகத்தான் இந்தக் கடை. நடப்பதற்கு ஒரு ஆள் அகலம் விட்டு, மற்ற இடமெல்லாம் கூரைவரை டயர்கள். வண்டியை ஏற்கெனவே தூக்கி நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றிவிட்டார்கள். அது வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால், போக நினைத்தாலும் அதன் அடியில் குனிந்துதான் போக முடியும்.

கடைக்கார அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“இது நிஜ லாக் சார். டயரோட விளிம்பை ரிம்முக்கும் இந்த ரிங்குக்கும் நடுவுல வச்சு நசுக்கிப் பிடிச்சுக்கும். காத்தே இல்லேன்னாலும் விடாது. அது ஷோ ரிங். சும்மா மேல ஒட்டிக்கிட்டு நிக்கும். கல்யாண போட்டோவுல தூரத்துச் சொந்தம் நிக்கிற மாதிரி. போட்டோவுக்கு அழகு, ஆத்திர அவசரத்துக்கு ஆகாது.”

மாமனார் ரசித்துச் சிரித்தார். “எத்தனை போல்ட்டும்மா இதுக்கு?”

“ஒரு சக்கரத்துக்கு முப்பத்திரண்டு.”

“அடடே! பல்லு மாதிரியே!” மாமனாரின் கண்கள் பழைய தொழிலின் நினைவில் பளபளத்தன.

“பல்லு மாதிரிதான் சார். ஆனா வெறுமனே விளக்கிட்டு விட முடியாது. இந்தப் பக்கம் ஒண்ணு, எதிர்ப்பக்கம் ஒண்ணுன்னு கொஞ்சம் கொஞ்சமா இறுக்கிக்கிட்டே வரணும். முதல் தடவை ஓட்டினதும் மறுபடி பாக்கணும். அப்புறம் ஒவ்வொரு தடவை மணலுக்குப் போறதுக்கு முன்னாலயும் எல்லாத்தையும் பாக்கணும்.”

“நாலு சக்கரத்துக்குமா?” என்று கேட்டான் மாப்பிள்ளை.

“பின்னே? மூணைப் பாத்துட்டு, நாலாவதைச் சாமி பாத்துக்கும்னு விட முடியுமா தம்பி?” என்றவள், மேசைமீது முழங்கையை ஊன்றினாள். “இன்னொண்ணு. இதை ஒரே கைதான் பாக்கணும். இது எங்க கடைச் சட்டம். வீட்டுல ரெண்டு பேர்கிட்ட பொறுப்பை விட்டா, அவரு பாத்திருப்பாருன்னு இவரும், இவரு பாத்திருப்பாருன்னு அவரும் விட்டுடுவாங்க. அதனால ஆள் யாருன்னு தெரியாம நிஜ லாக்கை வெளிய அனுப்ப மாட்டேன். சொல்லுங்க, யாரு கை?”

“மாப்பிள்ளை கைதான்” என்றார் மாமனார், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். “எங்க வீட்டுல எல்லாமே அவர் கையிலதான். உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா...”

“சிரமம் என்ன மாமா” என்றது மாப்பிள்ளையின் வாய். அது அப்படித்தான், அவனைக் கேளாமலே பேசிவிடும்.

பேசி முடித்த பிறகுதான், தான் எதற்குத் தலையாட்டினோம் என்பது அவனுக்கு உறைத்தது. இந்த வளையத்தை வாங்கினால் ஒவ்வொரு விடுமுறைக்கு முதல்நாளும் அவன் நான்கு சக்கரங்களின் முன் மண்டியிட வேண்டும். சக்கரங்களுக்கு அவனையே பொறுப்பாளியாக நிறுத்தியிருக்கும் ஒருவரிடம், நான் ஊரைவிட்டுப் போகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

“மாமா, இந்த ஷோ ரிங்கே... பாக்க லட்சணமாத்தான் இருக்கு” என்றான் மெதுவாக.

“டயர் கழண்டா வண்டியும் லட்சணமாக் கவுந்து கிடக்கும்” என்றாள் அக்கா.

தலையணையை அணைத்தபடி அத்தை உட்கார்ந்திருக்கும் காட்சி அவன் கண்முன் வந்தது. பக்கத்தில் மனைவி. நேரத்தைக் கடத்துவதற்காக அவன், ஸ்டீல் நல்லதா அலுமினியம் நல்லதா என்று கேட்டான். அலுமினியம் எடை குறைவு, ஆனால் கல்லில் உரசினால் பெயர்ந்துவிடும். ஸ்டீல் கனம், ஆனால் வளைந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிடலாம் என்று அவள் சொன்னாள். எல்லாவற்றுக்கும் மாமனார், “உங்க இஷ்டம் மாப்பிள்ளை” என்றார். “உங்க இஷ்டம் மாமா” என்றான் அவன்.

“ரெண்டு பேரும் இப்படியே பேசிக்கிட்டு இருந்தா எனக்குக் கடை சாத்துற நேரம் வந்துடும்” என்றாள் அக்கா.

மாமனார் வளையத்தைத் தொட்ட விரல்களைப் பார்த்துவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனார். அவர் தலை மறைந்ததும் அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

“தம்பி, நீங்க குடுத்துவச்சவரு.”

“ஏன்க்கா?”

“உங்க மாமனாரு முந்தாநாள் தனியா வந்தாரு. முன்சீட்டுல பிடிச்சுக்க இன்னொரு கைப்பிடி வச்சுத் தர முடியுமான்னு கேட்டாரு. யாருக்கு சார்னேன். ‘எனக்குத்தாம்மா, மேட்டைப் பாத்தாலே வயித்தைக் கலக்குது’ன்னாரு. அப்புறம் எதுக்கு சார் போறீங்கன்னேன். ‘மாப்பிள்ளைக்கு மணல்னா உசுரு. அவருக்காகத்தான் வண்டியே வாங்கினேன். இதுவும் இல்லேன்னா எங்க வீட்டுல அவருக்கு என்னம்மா இருக்கு’ன்னாரு.”

மாப்பிள்ளைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்கா மணல் உயிர்? வண்டி மேட்டின் உச்சியில் வானத்தைப் பார்த்து நிற்கும்போதெல்லாம் அவனுக்கு உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கும். இரண்டு நாள் ஆனாலும் காதிலிருந்து மணல் உதிரும். மாமனார் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வருவதை, ரசிக்கிறார் என்றே இத்தனை நாளும் எண்ணிப் பொறுத்துக்கொண்டிருந்தான்.

யோசித்துப் பார்த்தபோது நினைவு வந்தது. அந்தக் குடும்பத்தாரை முதன்முதலாகப் பார்க்கப் போன அன்று, அவனைக் கிளினிக்கின் முன்னறையில் உட்கார வைத்திருந்தார்கள். பேச ஒன்றும் கிடைக்காமல் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சுவர்க் காலண்டரில் இப்படியொரு வண்டி மணலில் ஏறிக்கொண்டிருந்தது. மௌனத்தைக் கலைப்பதற்காக, “இந்த மாதிரி வண்டியில போனா எவ்வளவு நல்லா இருக்கும்” என்று சொல்லிவைத்தான். அவ்வளவுதான் அவன் சொன்னது. அதை அவர் மனதில் முடிந்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மாமனார் ஈரக்கையை உதறிக்கொண்டு வந்தார்.

“மாமா” என்றான் மாப்பிள்ளை. “உங்களுக்கு மணல்ல வர்றது கஷ்டமா இருந்தா...”

“எனக்கா? எனக்கென்ன மாப்பிள்ளை கஷ்டம்? ஜாலியா இருக்கு!”

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி ஒரு டயரை மிகுந்த அக்கறையோடு தட்டிப் பார்த்தாள்.

அலுவலகம் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. போலி வளையத்தை மாட்டி அத்தையையும் மனைவியையும் மேட்டில் ஏற்ற அவனுக்கு மனம் ஒப்பவில்லை. “நிஜ லாக்கே போட்டுடுங்கக்கா. ஸ்டீல்” என்றான்.

“போடப்போறது நான் இல்ல தம்பி. உங்க கைன்னு சொன்னாங்கல்ல? முதல் சக்கரத்தை என் கண்ணு முன்னால நீங்களே இறுக்கணும்.”

ஒரு சக்கரத்தைத் தாழ்வான மேடைமீது படுக்கவைத்து, டயரைப் பொருத்தி, வளையத்தை அதன்மேல் வைத்து, போல்ட்டுகளை விரலால் திருகிக் கொடுத்தாள். டார்க் ரெஞ்ச்சை அவனிடம் நீட்டினாள். வேண்டிய அளவு இறுகியதும் அது ‘கிளிக்’ என்று சத்தமிடும். அவன் மண்டியிட்டான். மாமனார் தாமாகவே விளக்கை எடுத்துக்கொண்டு, வாய்க்குள் வெளிச்சம் காட்டுவது போலப் பக்குவமாகச் சாய்த்துப் பிடித்தார்.

கிளிக். எதிர்ப்பக்கம். கிளிக்.

முகத்தைப் பார்க்காமல் குனிந்திருந்ததாலோ என்னவோ, மாப்பிள்ளைக்கு நாக்கு கொஞ்சம் அவிழ்ந்தது.

“மாமா, எனக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்கு. ரெண்டு பேரும் போகலாம்னு இருக்கோம்.”

விளக்கின் வெளிச்சம் வளையத்தைவிட்டு நழுவித் தரையில் விழுந்தது. சற்று நேரம் அங்கேயே கிடந்தது. பிறகு மெல்ல ஊர்ந்து போல்ட்டுக்குத் திரும்பியது.

“சந்தோஷம் மாப்பிள்ளை. ரொம்ப சந்தோஷம்” என்றார் மாமனார். அவருடைய குரல் எப்போதும்போல மென்மையாகவே இருந்தது. “எப்படிப்பட்ட ஊரு?”

“கடலோரம் மாமா.”

“கடலோரமா!” மாமனார் யோசித்தார். “அப்ப நாங்களும் வந்துடறோம். உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா. கிளினிக்கும் இல்ல, அத்தைக்கும் பொண்ணு இல்லாம ஓடாது. இந்த லாக்கும் இப்ப உங்க கைதான். வண்டி மட்டும் இங்க நின்னு என்ன பண்ணும்? கடலோரத்துல மணலுக்கா பஞ்சம்?”

ரெஞ்ச் மாப்பிள்ளையின் கையில் அப்படியே நின்றது. இதைவிட்டால் இனி இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரியவரின் முகத்துக்கு நேரே சொன்னான்:

“மாமா, எனக்கு மணலே பிடிக்காது.”

மாமனார் அவனைப் பார்த்தார். கடைக்கார அக்காவைப் பார்த்தார். மறுபடியும் அவனைப் பார்த்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“அந்தம்மா சொல்லிட்டாங்களா? எனக்காகத்தானே இப்படிச் சொல்றீங்க?”

“இல்ல மாமா. நிஜமாவே. ஆரம்பத்துலேருந்தே பிடிக்காது. பயமா இருக்கும்.”

“பாத்தீங்களாம்மா?” மாமனார் அக்காவின் பக்கம் திரும்பினார். “எப்பேர்ப்பட்ட மனசு! நான் பயப்படறேன்னு தெரிஞ்சதும், தன் உசுருக்குப் பிடிச்சதையே பிடிக்கலேங்கறாரு. பயமா இருக்குன்னு வேற சொல்றாரு, எனக்கு வெக்கமா இருக்கக் கூடாதுன்னு!” அவர் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். “இனிமே நான் பயப்பட மாட்டேன் மாப்பிள்ளை. எனக்காக நீங்க எதையும் விடவேண்டாம்.”

மாப்பிள்ளை உதவிக்கு அக்காவைப் பார்த்தான். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“தம்பி, அடுத்தடுத்து உள்ளதை இறுக்காதீங்க. ரிங் கோணிக்கும்” என்று மட்டும் சொன்னாள்.

அப்போது அவனுடைய கைப்பேசி ஒலித்தது. மேலாளர்.

“என்னப்பா, கிளம்புற நேரத்துல பிடிச்சேன்னு நினைக்காத. வர்றியா, இல்லையா?”

“வர்றோம் சார்.”

“நல்லது. வீடு ஒரு ரூமா, ரெண்டு ரூமா? இப்பவே சொல்லிடணும், அப்புறம் மாத்த முடியாது.”

மாப்பிள்ளை தலை நிமிர்ந்தான். ஒட்டுக்கேட்பது அநாகரிகம் என்பதால் மாமனார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் விளக்கைப் பிடிக்காத கையில் இரண்டு விரல்கள் மெல்ல நிமிர்ந்தன. பிறகு, பிறருக்குத் தொந்தரவு கொடுக்கிறோமோ என்று தோன்றியதுபோல, ஒரு விரல் தானாகவே மடங்கிக்கொண்டது.

“எங்களுக்கு ஹால் போதும் மாப்பிள்ளை” என்றார் கூரையிடம், மிகத் தாழ்ந்த குரலில்.

ஒரு ரூம் என்று சொல்ல அவனுக்கு இரண்டே சொற்கள் தேவைப்பட்டன. அவற்றை நாக்கின் நுனிவரை கொண்டுவந்தான். அந்த மடங்கிய விரலைப் பார்த்தான்.

“ரெண்டு ரூம் சார்” என்றான்.

மாமனார் விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். சுவரோரம் மூன்று சக்கரங்கள் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்துப் போல்ட்டைத் தேடிக் குனிந்தான்.