நாலு பேர் அழைப்பு

அப்பாவுக்கு வைத்திருந்த செயற்கை சுவாசத்தை எடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டபோது மணி பத்து. பிள்ளைகள் நாலு பேரும் கலந்து பேசி மதியத்துக்குள் சொன்னால் போதும் என்றார்.

பக்கத்தில் இருந்தது இளைய மகள் மட்டும்தான். அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு தேசத்தில். அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர், இப்போது நடுக்கடலில். அவன் அப்பாவோடு பேச்சை முறித்துக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது.

மூவரையும் வீடியோ அழைப்பில் கூட்டினாள். அண்ணன் முகம் தெரியும், உறைந்து நிற்கும், போய்விடும். இப்படியே நாலு தடவை.

"அவன் இல்லாமலே முடிவு பண்ணிடலாம்" என்றாள் அக்கா. தம்பி மறுத்துப் பேசவில்லை.

இளையவள் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனிகளுக்கு வீடியோ மீட்டிங் அமைத்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. எங்கே இடிக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்த ஆப்பில் ஒவ்வொரு ஃபோனும் தன் படத்தை மற்ற மூவருக்கும் தனித்தனியாக அனுப்பும். மூன்று படம் அனுப்பி, மூன்று படம் வாங்க கப்பலின் சாட்டிலைட் இணைப்புக்குத் தெம்பில்லை.

மேனேஜரைக் கூப்பிட்டு ஆபீஸ் சர்வரைக் கேட்டாள். அவர் காரணம்கூடக் கேட்கவில்லை. வராந்தா பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வேலையை முடித்தாள். இனி எல்லோரும் சர்வருக்கு ஒரே தடவை அனுப்பினால் போதும். யாருக்கு எவ்வளவு தாங்குமோ, அதைப் பார்த்து அது பிரித்துக் கொடுக்கும். அண்ணனுக்கு அப்பாவின் படம் மட்டும், அதுவும் சின்னதாக. மற்றவர்கள் வெறும் குரலாக. அவன் கேமராவையும் அணைக்கச் சொன்னாள்.

பதினொன்றே முக்காலுக்கு அண்ணன் குரல் வந்தது. இந்தத் தடவை அறுந்துபோகவில்லை. அவள் ஃபோனைக் கட்டிலருகே பிடித்தாள்.

அப்பாவுக்குக் காது கேட்குமா என்று அவன் கேட்டான். கேட்கலாம் என்றாள் நர்ஸ்.

"அப்பா, நான்தாம்ப்பா. கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. ஃபோன் பண்ணத்தான் மனசு வரல."

அப்பா கண் திறக்கவில்லை.

"அவர் பட்டது போதும். விட்டுடலாம்" என்று அண்ணனே சொன்னான். அக்கா அழுதுகொண்டே சரி என்றாள். தம்பி தலையை மட்டும் ஆட்டினான்.

"வாயைத் திறந்து சொல்லுடா, அண்ணனுக்கு நீ தெரியமாட்டே" என்றாள் அவள்.

"சரிண்ணா" என்றான் தம்பி.

மதியம் டாக்டர் குழாயை எடுத்தார். அப்பா இருபது நிமிஷம் இருந்தார். அதுவரை நாலு பேரும் கூடவே இருந்தார்கள். எல்லாம் முடிந்தபின், படத்தை மட்டும் அணைத்துவிடு, நீங்கள் பேசுவது கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்றான் அண்ணன். அவள் அப்படியே செய்தாள்.