எடைமேடையில் இருண்ட திரை

இந்தக் காலத்தில் எவனுக்கும் பொறுமை கிடையாது. கேட்டில் கை வைப்பதற்குள் ஹாரனில் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். வாயைத் திறந்தால் வசவு, வசவு தீர்ந்தால் கை. ஜல்லிக் கிடங்கின் கேட்டுக்காரக் கிழவருக்கு மனிதர்களைப் பற்றி இருந்த அபிப்பிராயம் இவ்வளவுதான். இயந்திரங்களைப் பற்றி அதுகூடக் கிடையாது.

அன்று எடைமேடை நின்று போயிருந்தது. அங்கே எடை போடுகிறவர் கிழவரின் மருமகன். லாரி சரக்கோடு மேடையேறினால் ஓர் எடை. உள்ளே கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினால் இன்னோர் எடை. இரண்டும் சேர்ந்த பிறகுதான் சீட்டு. முதல் எடையை அப்போதைக்கப்போது பதிந்து வைக்க வேண்டும். மருமகன் வைப்பதில்லை. இரண்டையும் ஒரே தடவையில் பதிந்தால் வேலை மிச்சம் என்று நினைத்தார்.

காலையில் கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டது. மத்தியானம் மருமகன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தூங்கிவிட்டது. அதன்பிறகு எழுந்திருக்கவில்லை. பெட்டிக்குள் விசிறி சுற்றுகிறது, திரையோ கரியாய்க் கிடக்கிறது. சுவிட்சைத் தட்டினால் விசிறி அடங்குகிறது. மறுபடி தட்டினால் சுற்றுகிறது. திரையில் ஒரு பொட்டு வெளிச்சமில்லை. மெக்கானிக் போனில், சுவிட்சை அழுத்திப் பிடித்து அடியோடு நிறுத்திவிட்டுப் போடுங்கள் என்றான். நிறுத்தினால் பதியாத எடை காற்றோடு போய்விடும். மேடையில் நின்ற வண்டியோ சரக்கை எப்போதோ கொட்டியாகிவிட்டது.

அந்த வண்டிக்காரனை எல்லோரும் மொட்டை என்பார்கள். எடை போனால் முதலாளி அவனைத்தான் திருடன் என்பார். அவன் கேபினுக்குள் நுழைந்து மருமகனின் பிடரியைப் பிடித்தான்.

"கையை அந்த சுவிட்சுல வச்சே, விரல் இருக்காது."

வைக்காமல் எப்படி எழுப்புவது என்று மருமகன் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. மொட்டை அவர் முகத்தைக் கீபோர்டில் மோதினான். எழுத்துக் கட்டைகள் பல்லைப் போலத் தெறித்தன. இரண்டாவது மோதலில் உண்மையாகவே ஒரு பல்லும் தெறித்தது.

சத்தம் கேட்டுக் கிழவர் ஜாக்கிக் கம்பியோடு ஓடி வந்தார். வாசலில் நின்று ஒரு கணம் மருமகனைத்தான் பார்த்தார். தனக்கு வேண்டியவன் வண்டி வரும்வரை மருமகன் வேலையை நிறுத்தி வைக்கிற சூது இது என்று அவருக்கு முதலிலேயே சந்தேகம்.

"மாப்ள, உண்மையைச் சொல்லுங்க. நீங்களா நிறுத்துனீங்க?"

"இல்ல மாமா," என்ற வாயிலிருந்து ரத்தம் வழிந்தது.

நம்பவில்லை. ஆனால் மகளின் முகம் கண்முன் வந்துவிட்டது. கம்பியை ஓங்கினார். மொட்டை முந்திக்கொண்டு நெஞ்சில் ஒரு மிதி விட்டான். கிழவர் படியில் மல்லாந்து விழுந்தார், மூச்சு நின்று திரும்பியது. மொட்டை மருமகனைக் காலரோடு வெளியே இழுத்து வந்து, அவர் கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். எலும்பு முறிந்த சத்தம் வரிசையில் நின்ற டிரைவர்களுக்கே கேட்டது. ஒருவனும் இறங்கவில்லை, இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள். கிழவர் படுத்த வாக்கில் கம்பியை வீசினார். அது மொட்டையின் முழங்கால் சில்லில் இறங்கியது.

அவன் ஊளையிட்டுக்கொண்டு சுவரோரம் சாய்ந்தான். பிடிமானத்துக்குக் கிடைத்தது, மழைக்காகக் காலையில் வெளிச்சுவர் டிவியின் மேல் கட்டியிருந்த தார்ப்பாய். வண்டிக்காரர்கள் எடை பார்ப்பதற்கென்று மாட்டிய டிவி அது. தார்ப்பாய் அவனோடு சேர்ந்து கீழே வந்தது.

டிவி பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மொட்டையின் வண்டி எண், சரக்கோடு எடை, எல்லாம் அதில் இருந்தன.

மருமகன் நசுங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு, அப்டேட்டுக்குப் பிறகு அது எழுந்ததும் படத்தை உள்திரைக்கு அனுப்பாமல் இங்கே அனுப்பியிருக்கிறது என்றார். அது தெரியாமல் சுவிட்சைத் தட்டித் தட்டி நாமே அதைத் திரும்பத் திரும்பத் தூங்கவைத்திருக்கிறோம் என்றார். மொட்டை மண்ணில் கிடந்தபடி எண்களை வாய்விட்டுப் படித்தான். பிறகு தன் காலைப் பார்த்தான்.

"பெரியவரே, என் காலை ஒடிச்சிட்டியே."

"உன் கால் பரவாயில்ல, கட்டுப் போட்டா நிக்கும். அவர் கை இனி எதைப் பிடிக்கும்?"

மருமகன் விடாமல் விளக்கினார். இது யார் தப்பும் இல்லை மாமா, பெட்டி விழித்துத்தான் இருந்தது என்றார். கிழவர் சுவரைப் பிடித்து எழுந்தார். விலாவில் ஏதோ உள்ளே குத்தியது.

"எதிர்ல உக்காந்தவனுக்கு இருட்டைக் காட்டிட்டு, முதுகுக்குப் பின்னால சுவத்துல பேசுதாம். இதை நான் நம்பணும், இல்ல மாப்ள?"

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டு வரிசையைப் பார்த்துக் கத்தினார். படம் பிடித்தவர்களில் ஒருவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு லாரியைக் கிளப்பினான். மருமகனை அதில் ஏற்றிவிட்டபின் கிழவர் டிவியின் பக்கம் திரும்பிப் பார்க்காமல், விலாவைப் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். தார்ப்பாய்க்கு அடியில் டிவி எரிந்தது, மத்தியானம் முதல் இத்தனை தடவை வெளியே போய் வந்த மருமகனுக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று அவருக்கு இன்னும் தோன்றவில்லை.