மோட்டார் அறைப் படம்

சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டையே தாண்டவில்லை, அதற்குள் ஊரில் அவனுக்கு வக்கீல் என்று பட்டம். அது தலைக்கேறித்தான் இந்த வினை. இரண்டு தெருவுக்கும் பொதுவான தண்ணீர் மோட்டார் அறை காலியாகக் கிடக்கும் படத்தை யாரோ அனுப்ப, விடுதி அறையில் உட்கார்ந்தபடியே, ‘கீழத்தெருக்காரர்கள் மோட்டாரைத் திருடிவிட்டார்கள்’ என்று தன் மேலத்தெருவின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் அடுத்தவன் அப்பாவையும் சேர்த்துக் கெடுக்கப் பார்த்தது.

அறைத்தோழன் கீழத்தெருக்காரன். அவன் அப்பா எரிந்த மோட்டாருக்குப் புதுச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுபவர். எரிந்துபோன அந்த மோட்டாரைக் கழற்றித் தன் பட்டறைக்குக் கொண்டுவந்திருப்பதாகக் காலையில்தான் மகனிடம் சொல்லியிருந்தார். இப்போது அழைத்தால் எடுக்கவில்லை.

குழுச் செய்தியைப் படித்ததும், வக்கீலின் அண்ணன் ஆட்களோடு அந்தப் பட்டறைக்குத்தான் கிளம்பியிருந்தான். மோட்டாரை அங்கே கண்டால் கொளுத்தாமல் திரும்பமாட்டார்கள்.

‘நான் எழுதியது தப்பு’ என்று குழுவில் போட்டான். கிளம்பிவிட்டவன் எவன் அதைப் பார்க்கப்போகிறான்? அண்ணனை வீடியோவில் அழைத்தான். தோழன் வழக்கம்போல் எழுந்து வெளியே நடந்தான். தெருப் பகைக்குப் பயந்து மறைத்ததால், இருவரும் ஒரே அறை என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியாது. ஒருவன் வீட்டோடு பேசினால் மற்றவன் வராந்தாவில் நிற்பான். வக்கீல் அவன் கையைப் பிடித்திழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தான்.

திரையில் அண்ணன், பின்னால் பட்டறையின் மூடிய கதவு.

“தொறக்க மாட்டேங்கிறான். உள்ளதான் ஒளிச்சு வச்சிருக்கான். பக்கத்துல யாருடா?”

“அவரோட மகன். ஒரே ரூம்தான்ணே, உன்கிட்ட மறைச்சுட்டேன். மோட்டார் ரிப்பேருக்குத்தான் வந்திருக்கு. விசாரிக்காம எழுதினது என் தப்பு. கொளுத்தணும்னா என்னை வந்து கொளுத்து.”

அண்ணனுக்குப் பின்னால் யாரோ கதவை உதைத்தார்கள். தோழன் கைபேசியைப் பிடுங்கினான்.

“அண்ணே, அப்பா காயில் சுத்திட்டிருப்பாரு. நடுவுல கையெடுத்தா எண்ணிக்கை போயிடும், மறுபடி மொதல்லேர்ந்து சுத்தணும். அதான் ஃபோனும் எடுக்கல. ஜன்னல் வழியா ஒரு தடவ பாத்துடுங்க.”

படம் ஆடியது. ஜன்னல் கம்பி, பிரித்துப் போட்ட மோட்டார், கருகிய செம்புக்கம்பிக் குவியல். அத்தனை அமளியிலும் நிமிராமல் அவர் சுற்றிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று எண்ணும் குரல் விடுதி அறைவரை கேட்டது. அது நடுங்குவதும் கேட்டது.

அண்ணன் தன் ஆட்கள் பக்கம் திரும்பினான்.

“சத்தம் போடாதீங்கடா. எண்ணிக்கை தப்பிடப் போகுது.”