அதே எண், வேறு பேட்ச்

1

“எழுதிக்கோ. ஆனா சால்டர்லதான், பத்தவெச்சதுலதான் கோளாறுன்னு எழுது. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமேக்கா.”

“உனக்கென்னடா தெரியும்? நீ கதை எழுதறவன்.”

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான், இன்று காலை, அக்கா தட்டுக் கழுவும்போது. (நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் இந்த இடத்தில் பனி பெய்யும். இங்கே குழாய் சொட்டுகிறது.)

அவள் வேலை செய்யும் இடத்தில் தரைக்கடியில் ஒரு நீளச் சுரங்கம். அதில் ஓடும் குழாய்க்குள் துகள்களின் கற்றை பாய்கிறது. கற்றை தடம் விலகுகிறதா என்று அளக்கும் மின்னணு அட்டைகளை வடிவமைத்தவள் அக்கா. அட்டைகள் குழாயை ஒட்டியே இருப்பதால் ஓயாமல் கதிர்வீச்சைத் தின்கின்றன. “உப்பு தின்னவன் தண்ணியாவது குடிப்பான். அதுங்களுக்கு அந்த வழியும் இல்ல” என்பாள்.

2

முதல் தொடக்கம்: சுரங்கத்தின் மங்கிய வெளிச்சத்தில்... வேண்டாம். நான் அதைப் பார்த்ததில்லை.

இரண்டாவது: தவறே செய்யாத ஒருத்தி... பொய். ஆனாலும் அந்த வரியை அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். பத்து சிப்புகளைக் கதிர்வீச்சில் வாட்டிச் சோதித்தாள். பத்தும் பிழைத்தன. பிறகு சிப் போதாமல் இன்னொரு பெட்டி வந்தது. அதே எண், வேறு பேட்ச். அதாவது ஒரே மாடல், ஆனால் வேறொரு தடவை தயாரித்தவை. ஒவ்வொரு பேட்சையும் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று விதி எழுதியவளே அவள்தான். அந்த வாரம் அவசரம். ‘சோதித்தாயிற்று’ என்ற கட்டத்தில் கையெழுத்து மட்டும் போட்டாள்.

நான்கே மாதத்தில் அட்டைகள் தப்பான அளவு காட்டி உளறத் தொடங்கின.

3

பழி, சிப்புகளை அட்டைகளில் பற்றவைத்தவர்மேல் விழுந்தது. பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அது எந்நேரமும் அவர் நெற்றியில் ஏறியிருக்கும். வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் அவருடையது என்றால் வேலை போகும்.

அவரைக் கொஞ்சம் மோசமானவராக்கிப் பார்த்தேன். சோம்பேறி, வாய்த்துடுக்கு. அக்காவுக்கு வசதியாக இருந்திருக்கும். கதை ஒப்பவில்லை.

4

முடிவு ஒன்று: அக்கா ஒப்புக்கொள்கிறாள். (சின்ன வயதில் தான் உடைத்த கண்ணாடிக் குவளைக்கு என்னை அடி வாங்க விட்டவள்.)

முடிவு இரண்டு: அவர் போய்விடுகிறார். வேறொருவர் பற்றவைத்த அட்டைகளும் உளறுகின்றன. அப்போதும் அவரை யாரும்...

எதையும் என்னால் முடிக்க முடியவில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். நேற்று மதியம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். பொய் எழுதச் சொன்ன அக்கா, இதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

செத்த அட்டை ஒன்றோடு அவர் அவள் மேஜைக்கு வந்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார்.

“பொண்ணு கேக்கறா மேடம், ‘அப்பா, உனக்குக் கை நடுங்குதா’ன்னு. ரெண்டு நாளா நானும் கைய நீட்டி நீட்டிப் பாக்கறேன்.”

அக்கா அட்டையைப் பார்த்தாள். சிப்பின் முதுகில் அந்த இரண்டாவது பெட்டியின் பேட்ச் எண் தெளிவாகத் தெரிந்தது.

“நீங்களே சிப்போட ஒவ்வொரு காலா பாருங்க மேடம். பாத்துட்டு, பத்தவெச்சதுல தப்பில்லன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க.”