யார் தள்ளுவது

“இன்னிக்கு நான் தள்ள மாட்டேன். நீங்க தள்ளுங்க” என்று சொல்லிவிட்டு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள் அவள்.

பயணத்தின் நான்காம் நாள் காலை. விடுதி வாசலில் கார் நின்றது. அவள் கணவரைவிட இரண்டு வயது மூத்த கார். பட்டறையில் கடைசல் வேலையை முடித்துவிட்டு வந்து, பதினேழு வருஷம் அதன் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்தியவர் அவர். தெருவில் எல்லாரும் அதை மகாராணி என்பார்கள். அவள் சக்களத்தி என்பாள். ரிடையர் ஆனதும் இதிலேயே கடல் வரைக்கும் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

டைனமோ படுத்துவிட்டது, பேட்டரி நிற்காது என்பது கிளம்பும் முன்பே தெரியும். புதுசு போடலாம் என்றாள். “அந்தக் காலத்துச் சாமான் தவிர வேற எதையும் இதுல சேக்க மாட்டேன்” என்றுவிட்டார். அதனால் தினமும் காலையில் அவர் உள்ளே உட்கார, அறுபது வயதில் இவள் பின்னாலிருந்து தள்ளினாள்.

“இந்த ஸ்டியரிங் உனக்குப் பழக்கமில்லம்மா.”

“இருபத்திரண்டு வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டினவளுக்கா?”

“அது வேன். இது கார்.”

“ஆமா, தள்ளினாத்தான் நகர்ற கார். எறங்குங்க கீழ. மூணு நாளா இடுப்பு விட்டுப்போச்சு எனக்கு. இல்லன்னா சொல்லுங்க, அடுத்த பஸ்ஸுல வீட்டுக்குப் போறேன்.”

அவர் அவளைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு இறங்கினார்.

“ரெண்டாவது கியர்ல வச்சுக்க. நான் சொன்னதும் கிளட்ச விடு.”

“எனக்குத் தெரியும்.”

அவரிடம் அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

இருமிக்கொண்டு கிளம்பிய கார், தெரு முனை தாண்டியதும் வெண்ணெய் மாதிரி ஓடியது. கண்ணாடியில் பார்த்தாள். அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். வீம்பைப் பார், நடந்தே வரட்டும் என்று வளைவையும் தாண்டிப் போய் நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி தள்ள வேண்டும். பத்து நிமிஷம் ஆனது. சண்டைக்குத் தயாராக ஹாரனை அழுத்திக்கொண்டே திரும்பி வந்தாள்.

அவர் அந்தக் கல்லிலேயே சாய்ந்து கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் கேட்டாள்: “இதுக்கு முன்னாடி நெஞ்சு வலி ஏதாவது இருந்துச்சாம்மா?”

“ஒண்ணும் கெடையாது. கல்லு மாதிரி இருந்தாரு.”

மகாராணி மூன்று நாளில் ஊர்ந்து வந்த தூரத்தை எட்டு மணி நேரத்தில் கடந்து, சாயங்காலம் கொழுந்தன் வந்து சேர்ந்தான். வராந்தா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“டாக்டர் என்னென்னமோ கேக்கறா தம்பி. நீங்களே சொல்லுங்க, உங்க அண்ணனுக்கு என்ன இருந்துச்சு?”

எதிர்ச் சுவரில் கை கழுவும் முறையை விளக்கும் படம் ஒட்டியிருந்தது. அதை அவன் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தான்.

“தம்பி.”

“ரெண்டு அடைப்பு, அண்ணி. போன மாசம் தெரிஞ்சுது. உடனே ஆஸ்பத்திரில வந்து சேரச் சொன்னாங்க. கனமா எதையும் தூக்காதீங்க, தள்ளாதீங்கன்னு...” படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கடலுக்குப் போயிட்டு வந்து படுத்துக்கறேன்டா, அவளுக்குத் தெரிஞ்சா வண்டியவே எடுக்க விடமாட்டான்னாரு. சத்தியம் வாங்கிட்டாரு.”

அவள் எழுந்தாள்.

“சத்தியமா? என்னடா சத்தியம்?” முப்பத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக அவனை ‘டா’ போட்டாள். “அண்ணனும் தம்பியும் கூடிக்கூடிப் பேசி, என்னை என்ன பண்ண வச்சிருக்கீங்க தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தள்ளியிருப்பேனேடா! கடல் வரைக்கும் தள்ளியிருப்பேனே!”

ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உடலை ஏற்றிய வண்டி புறப்படத் தயாராக நின்றது. காலையில் அவரை அள்ளிக்கொண்டு வந்த கார், ஆஸ்பத்திரி மரத்தடியில் செத்துக் கிடந்தது.

“இது இங்கயே கெடக்கட்டும் அண்ணி. அப்புறமா ஆள் விட்டு எடுத்துக்கலாம்.”

“அதுவும் வரணும்.”

“சரி, நீங்க ஸ்டியரிங்ல உக்காருங்க. நான் தள்றேன்.” சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்பக்கம் போனான்.

அவளுடைய பழைய கைத்தடங்களை மூடி, நான்கு நாள் புழுதி டிக்கிமேல் படிந்திருந்தது. அதில் இரண்டு உள்ளங்கைகள் அழுந்தப் பதிந்திருந்தன. வலது கையில் சுண்டுவிரல் பாதிதான். மீதிப் பாதியைக் கடைசல் இயந்திரம் எப்போதோ தின்றுவிட்டது.

“தொடாத.”

அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“நீ போய் உள்ள உக்காரு.”

“உங்களால எப்படி அண்ணி...”

“உக்காருன்னேன். ரெண்டாவது கியர்.”

புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். அந்தக் கைகளில் படாமல், கீழே குனிந்து பம்பரைப் பிடித்தாள். காலை ஊன்றினாள்.

“என்னடா பாத்துக்கிட்டிருக்க? பிரேக்க விடு!”